தொடுப்பில்லாக் கம்பிகளின் தொண்டு

குளத்திலே கல்லை எறிந்தால் அலை நாற்புறமும் பரவுகின்றது. நிலைக்குத்தாக நிற்கும் ஒற்றைக் கம்பி ஏரியலும் அவ்வாறே சுற்றெங்கும் அலைகளைச் சிதறுகின்றது. நமக்கு வேண்டியவர் ஒரு திசையில் இருக்க, ஏனைத் திசைகளிற் செல்லும் சக்தி வீணன்றோ?

இதற்கு வழி கண்டவர்கள் யப்பானின் செண்டாய் நகரிலே, டொஹோக்கு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஹிடெட்சுகு யாகியும் சின்தாரோ ஊடாவும் ஆவர். ஆண்டு 1926.

அவர்கள் கண்ட ஏரியலை மாணவரும் வீட்டிற் செய்யலாம். ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான பி.வி.சி. குழாயும், பென்சிற் பருமனுள்ள மூன்று அலுமினியக் கம்பிகளும் போதும். 145 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு முதற் கம்பி 102, நடுக் கம்பி 97, மூன்றாவது 91 சென்ரிமீற்றர். மூன்றையும் 41 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒரே தளத்தில், குழாய்க்குக் குறுக்கே பொருத்துக. நடுக் கம்பியை மட்டும் இரு பாதியாக வெட்டி, பாதிகள் தொடாதவாறு வைத்து, வானொலிக் கருவியிலிருந்து வரும் வடத்தின் உட்கம்பியை ஒன்றிலும் வெளிப்பின்னலை மற்றதிலும் இணைத்தல் வேண்டும்.

மற்றிரு கம்பிகளுக்கும் எவ்விதத் தொடுப்புமில்லை. எனினும் வித்தை அவற்றிலேதான் இருக்கின்றது. அலை படும்போது அவற்றிலும் மின்னோட்டம் எழுகின்றது. நீண்டதிற் சற்றுப் பிந்தியும், குறுகியதிற் சற்று முந்தியும் எழுகின்றது. ஆதலின் குறுங்கம்பிப் பக்கத்திலிருந்து வரும் அலைகள் நடுக் கம்பியில் ஒன்றுகூடி வலுக்கின்றன. பின்புறத்து அலைகள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. புதிய சக்தி எதுவும் பிறப்பதில்லை. சிதறுவது திரட்டப்படுகின்றது, அவ்வளவே. நீளங்கள் பிழைத்தால் இவ்வொழுங்கும் குலையும். ஆகவே அளவுகோலே இங்கு ஆசான்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ளோர் பள்ளி மாணவருடன் உரையாடும் வேளைகளில், அவர்களது குரல் 145.800 மெகாஹேர்ட்ஸில் இறங்கி வருகின்றது. நிலையம் தலைக்குமேற் கடக்கும் சில நிமிடங்களில் ஏரியலின் குறுங்கம்பி முனையை அதன் வழியே திருப்பிக்கொண்டிருந்தால் அக்குரலைத் தெளிவாகக் கேட்கலாம். ஆனால் நாம் செய்தி அனுப்புவதாயின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இன்றியமையாதது.

1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய யப்பானியருக்குப் பிரித்தானிய றேடார்க் குறிப்பேடொன்று அகப்பட்டது. அதிற் பலமுறை வந்த ‘யாகி’ என்னும் சொல் அவர்களுக்கு விளங்கவில்லை. கைதியொருவரை வினவியபோதே அது தம் நாட்டுப் பேராசிரியரின் பெயரென அறிந்தனர் என்பர். சொந்த வீட்டில் விளைந்த அறிவை அயலார் வாயிற் கேட்டறிய நேர்ந்தது!

ஊடாவின் நிலை இன்னும் பரிதாபம். சோதனைகளிற் பெரும்பகுதி அவருடையது. ஆயினும் 1928 இல் ஆங்கிலத்தில் வெளியான கட்டுரை யாகியின் பெயரைத் தாங்கியது; அதனுள்ளே ஊடாவின் உழைப்புக் குறிக்கப்பட்டிருந்தும், உலகம் தலைப்பிலிருந்த பெயரையே பற்றிக்கொண்டது. கூரைதோறும் நின்ற ஏரியல்களைப் பலரும் ‘யாகி’ என்றே அழைத்தனர். மாணவர்களே, உங்கள் ஏரியலை நீங்கள் ‘யாகி–ஊடா’ என்றே அழையுங்கள். தொடுப்பில்லாக் கம்பிகளின் தொண்டை அறிந்த நாம், பெயர் மறைந்தவரின் தொண்டை மறத்தல் தகுமோ?