ஒரே நாள், இரு நினைவுகள்

ஆகஸ்ட் 9 என்றதும் நம் நினைவுக்கு வருவது சிங்கப்பூரின் தேசிய தினம். சிவப்பு வெள்ளை உடைகள், அணிவகுப்பு, வாணவேடிக்கை என நாடே களைகட்டும். அதே நாளில், ஜப்பானின் நாகசாக்கி நகரில் முற்பகல் 11.02 மணிக்குச் சங்கு ஒலிக்கும். மக்கள் தலைகுனிந்து மௌனமாக நிற்பார்கள். 1945ஆம் ஆண்டு அதே நேரத்தில்தான் அந்நகரின்மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர்.

இவ்விரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலே. ஆனால், எல்லாத் தேதிப் பொருத்தங்களும் அப்படிப்பட்டவை அல்ல. ஜப்பான் தன் சரணடைவை அறிவித்தது 15 ஆகஸ்ட் 1945. இந்தியா விடுதலை பெற்றது 15 ஆகஸ்ட் 1947. ஜப்பான் பணிந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மவுண்ட்பேட்டன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். எனவே, தேதிகள் ஒன்றுபடும்போது, அது தற்செயலா, தொடர்புடையதா என்று ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

தற்செயல் என்றால் ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. "கொண்டாடும் நாளில் பிறர் துயரம் எதற்கு? மூன்றரை ஆண்டுகள் நம்மை வாட்டியது ஜப்பானிய ஆட்சிதானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அத்துன்பத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால், நாகசாக்கியில் மாண்டவர்களுள் பள்ளிச் சிறுவர்களும் இருந்தனர். கொரியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தனர். போரைத் தொடங்கியவர்கள் அவர்கள் அல்லர்.

மேலும், நம்முடைய ஆகஸ்ட் 9 கூடக் கொண்டாட்டத்தோடு பிறக்கவில்லை. 1965இல் காலை 10 மணிக்கு மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த செய்தி வானொலியில் அறிவிக்கப்பட்டது. அன்று செய்தியாளர் கூட்டத்தில் பிரதமர் திரு லீ குவான் இயூ கண்கலங்கினார். கண்ணீரோடு தொடங்கிய நாளை உழைப்பால் மகிழ்ச்சி நாளாக மாற்றியவர்கள் நம் முன்னோர். அந்த வரலாற்றை அறிந்த நமக்குப் பிறர் கண்ணீரும் புரிய வேண்டும்.

வாணவேடிக்கையை நிறுத்த வேண்டியதில்லை. தேசிய தினத்தையொட்டிப் பள்ளியில் நடைபெறும் பாடங்களில் ஐந்து நிமிடங்களை நாகசாக்கிக்கு ஒதுக்கினால் போதும். அமைதி நிலவும் நாட்டில்தான் இப்படிக் கொண்டாட முடியும் என்பதை அந்த ஐந்து நிமிடங்கள் நமக்கு உணர்த்தும்.