தண்டவாளம் இல்லாத ஊருக்கு ரயில் வாரண்ட்

எமது ஊரிலே ஆண்டுதோறும் ஒரு விசித்திரமான விநியோகம் நடைபெறுகின்றது. அரசாங்க சேவையில் உள்ளோரும், அச்சேவையில் தேய்ந்து ஓய்வு பெற்றோரும் புகையிரத ஆணைச்சீட்டுக்களைப் பெற்றுக்கொள்கின்றனர். 'ரயில் வாரண்ட்' என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். அதனைக் கையில் வாங்கியவர் மருதமுனை வீதியில் நின்று சுற்றிப் பார்த்தால் கிழக்கே கடல் தெரியும், மேற்கே வயல் தெரியும். ரயில் மட்டும் தெரியாது. வடக்கு நோக்கிச் சுமார் 35 கிலோமீற்றர் சென்றால்தான் மட்டக்களப்பு நிலையம். அதற்குத் தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தின் எவ்வூரிலும் ஒரு ரயில் நிலையம் இல்லை. நீந்தத் தண்ணீரில்லாத ஊரில் ஆளுக்கொரு தோணி பங்கிட்ட கதைதான் இது.

சில மாதங்களுக்கு முன், மட்டக்களப்புக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸிலே நாம் கண்ட காட்சியை இங்கு சொல்லியாக வேண்டும். எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தார். நடத்துநர் பணம் கேட்டபோது அவர் சட்டைப்பையிலிருந்து வாரண்டை எடுத்து நீட்டினார்.

"அது ரெயிலுக்குத்தானே சேர்," என்றான் அந்த இளைஞன், மரியாதையோடுதான்.

"நம்மட ஊருல ரெயில் எங்க மகன் இரிக்கி?" என்றார் பெரியவர்.

பஸ் முழுவதும் சிரித்தது. நடத்துநரும் சிரித்தான். நாமும் சிரித்தோம். பெரியவர் வாரண்டை மடித்து வைத்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தார். வாரண்ட் பஸ்ஸில் செல்லாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாற்பதாண்டு கரும்பலகையின் முன் நின்றவர், ஒரு கேள்வியை எவ்விடத்தில் கேட்டால் வகுப்பு விழிக்கும் என்பதை அறிந்தவர். ஆனால் வகுப்பு விழிக்கவில்லை, சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. அந்தக் கேள்வியைத்தான் இப்போது நாம் திரும்பக் கேட்க முனைகிறோம்.

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை. மலைநாட்டுக் கோப்பி துறைமுகத்தைச் சேரவேண்டும் என்பதே வெள்ளைக்காரத் துரைமாரின் அவசரமாயிருந்தது. ரயில் மட்டக்களப்பை வந்தடைந்தது 1928இல். வந்த இடத்திலேயே அது நின்றுவிட்டது. 2028இல் அந்த நிற்பிற்கு நூறு வயதாகும். அதனைத் தெற்கே நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை எத்தனை மேடைகளில் வாக்குறுதியாக மலர்ந்து, எத்தனை முறை உதிர்ந்தது என்பதை எமது பாட்டன்மாரே எண்ணிச் சலித்தவர்கள். நாட்டில் புதிய தண்டவாளமே போடப்படவில்லை என்று சொல்வதற்கும் இல்லை. மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 26 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட புதிய பாதை 2019 ஜனவரியிலே திறக்கப்பட்டது. தென்னிலங்கை விவசாயி ரயிலேறுவதைக் கண்டு எமக்குப் பொறாமை இல்லை. அவன் எம் தோழன். பெலியத்தைக்கு இயன்றது கல்முனைக்கு ஏன் இயலாது என்பதற்கு மட்டும் எமக்கு விடை வேண்டும்.

தண்டவாளம் வரும்வரை, கையிலுள்ள வாரண்டின் கதி என்ன? கொழும்புக்குப் போகும் ஒரு முதியவரின் பயணத்தைச் சற்று நிதானமாகப் பின்தொடருங்கள். வீட்டிலிருந்து மூட்டையோடு பெருந்தெருவுக்கு வருதல். பஸ்ஸேறிப் பணம் கொடுத்து மட்டக்களப்பு சேர்தல். அங்கிருந்து நிலையத்துக்கு முச்சக்கர வண்டி, மீண்டும் பணம். நிலையத்திலே வாரண்டைக் கொடுத்து அதனைப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னர், தென்மேற்கே உள்ள கொழும்பை அடைவதற்காக வடக்கும் வடமேற்குமாகத் திரும்பி, வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயா, மாஹோ என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ரயிலில் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது இவை அனைத்தும் தலைகீழாக. இதற்கிடையில் கொழும்பு நோக்கிய இரவு பஸ்ஸோ அவர் வீட்டுத் தெருமுனையிலேயே வந்து நிற்கிறது. முழங்கால் வலிக்கிற மனிதர் எதைத் தெரிவு செய்வார்? அந்த பஸ்ஸுக்கு முழுக் கட்டணம் கொடுத்து ஏறுகிறார். வாரண்ட் அலுமாரியிலே கிடந்து பழுக்கிறது. அரசாங்கத்தின் ஏட்டிலே மட்டும், அவருக்குச் சலுகை வழங்கப்பட்டாயிற்று.

"வாரண்ட் புகையிரதத் திணைக்களத்துக்குரியது, பஸ் போக்குவரத்துச் சபைக்குரியது; ஒன்றை மற்றொன்றோடு எப்படி இணைப்பது?" என்று நிர்வாக நுணுக்கம் பேசுவோர் வருவர். அவர்களுக்கு நாம் தூரதேசத்து உதாரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அவர்களுடைய சொந்தச் செய்கையே போதும். ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களில் நடப்பது என்ன? ரயில் பருவச்சீட்டு வைத்திருப்போர் இ.போ.ச. பஸ்களில் அதே சீட்டோடு செல்லலாம் என்று உடனே அறிவித்தல் வருகிறது. அப்போது இரண்டு திணைக்களங்களும் கூடிக் கணக்குப் பார்த்துக்கொள்கின்றன. சட்டமும் தடுக்கவில்லை, நடத்துநரும் மறுக்கவில்லை. அவ்வாறாயின், ஒரு நாள் ரயில் ஓடாத ஊருக்கு ரயில் சீட்டு பஸ்ஸில் செல்லும்; ஒரு நாளேனும் ரயில் ஓடாத ஊருக்குச் செல்லாது! இந்தத் தர்க்கத்தை எமது மாணவன் ஒருவன் பரீட்சையில் எழுதினால் நாம் அவனுக்குப் புள்ளி போட மாட்டோம்.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. முதலாளிகளின் பஸ்கள் மக்களின் பஸ்கள் ஆன நாள் என்று முற்போக்காளர் அதனைக் கொண்டாடினர். ரயில் ஏற்கனவே அரசாங்கத்தினுடையது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து கொழும்பு வரை ஒரே சீட்டு என்பது அன்றைக்கே கைக்கெட்டிய காரியம். எவரும் கையை நீட்டவில்லை. பின்னர் 1979இல் தனியார் பஸ்களுக்குக் கதவு திறக்கப்பட்டது, இன்று எமது வீதியில் ஓடுபவற்றில் பல அவைதாம். ஆயினும் வீதி அனுமதிப்பத்திரம் வழங்குவது அரசாங்கம்தானே? அனுமதியோடு ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்கு எவ்வளவு மை தேவைப்படும்?

உதாரணம் கேட்டே தீருவோர்க்காக ஒன்று. லண்டன் மாநகரத்து முதியோருக்கு ஓர் இலவசப் பயண அட்டை உண்டு. நகர எல்லைக்குள் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் பெரும்பாலான புறநகர் ரயில்களிலும் அது செல்லும். காலை நேரத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எல்லைக்கு அப்பால் செல்ல விரும்பும் முதியவர் என்ன செய்கிறார்? எல்லையிலிருந்து அப்பாலுள்ள தூரத்துக்கு மட்டும் சீட்டு வாங்குகிறார். அட்டையும் சீட்டும் இணைந்து ஒரு பயணமாகின்றன. எல்லையிலே ரயில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. முதியவர் எழுந்து இறங்கி ஏறவேண்டியதில்லை. செலவை அலுவலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. சீட்டுக்களைப் பொருத்தும் வேலை அங்கே அலுவலகத்துக்குரியது; இங்கே அந்த வேலையைக் கிழவனின் முழங்கால் செய்கிறது.

இவ்வளவும் எழுதிய பின், எம்மை நோக்கியும் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது, அது கசப்பானது. நாம் ஆசிரியர்கள். சேவையிலிருக்கும்போது வருடத்துக்கு மூன்று முறை குடும்பத்தோடு போய்வர எமக்கு வாரண்ட் உண்டு. ஓய்வின் பின்னும் உண்டு. பயன்படுத்த முடிகிறதோ இல்லையோ, முறையிடுவதற்காவது எம் கையில் ஒரு தாள் இருக்கிறது. எமது ஊரின் பெயரைச் சாரத்திலும் சேலையிலும் நெய்து நாடெங்கும் அனுப்பிய நெசவாளியின் கையில் என்ன இருக்கிறது? அறுபதாண்டு தறியில் குனிந்து முதுகு வளைந்தவர், அதே கண் சிகிச்சைக்கு, அதே பஸ்ஸில் செல்கிறார். சுனாமியிலே வள்ளத்தையும் வலையையும் இழந்து மறுபடி கடலுக்குப் போன மீனவரும் அவ்வாறே. அவர்கள் ஆற்றியது சேவையன்று என்று எந்த ஏடு சொல்கிறது? எமது சங்கங்கள் வாரண்டைப் பற்றி எத்தனையோ மகஜர்கள் எழுதியிருக்கும். அவற்றில் நெசவாளி என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கும் என்று நினைக்கவே நாணமாயிருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் மாணவரும், மட்டக்களப்பில் ரயிலை விட்டிறங்கி இதே வீதியில் இதே கணக்கைத்தான் எண்ணுகின்றனர்.

சலுகையாகத் தரப்பட்டது எந்த நாளிலும் பறிக்கப்படலாம். அயலிலே இந்தியாவில் அறுபது வயது கடந்த ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பதும், ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு நூற்றுக்கு ஐம்பதுமாக இருந்த ரயில் கட்டணக் கழிவு, 2020 மார்ச்சிலே பெருந்தொற்றைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. தொற்றுத் தணிந்து ரயில்கள் நிறைந்து ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகளாகியும் அது திருப்பித் தரப்படவில்லை. கேட்டபோது நட்டக் கணக்குக் காட்டப்பட்டது. இங்கும் அதே கணக்கு எம்முன் விரிக்கப்படும். பஸ்ஸும் ரயிலும் நட்டத்தில் ஓடுகின்றனவென்றால், ஓடாத ரயிலின் பெயரால் இத்தனை காலம் எம்மிடம் மிச்சம் பிடித்ததையும் அக்கணக்கிலே வரவாக எழுதட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. ரயில் இல்லாத ஊர்களில், அருகிலுள்ள நிலையம் வரையான பஸ் பயணத்துக்கும் அந்த வாரண்டே செல்லுபடியாக வேண்டும். ரயிலைத் தவிர்க்க நேரும் முதியோர், நோயாளர் அதனை நேரடியான பஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ள இடமளிக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்த எவருக்கும், அவர் பேனா பிடித்தவராயினும் தறி பிடித்தவராயினும், அந்தச் சீட்டு கிடைக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் தமது அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றிப் போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்பட்டும். கையெழுத்து வாங்கச் செல்லும் இளைஞர்கள் பாடசாலை வாயிலில் தொடங்க வேண்டாம், தறிச்சத்தம் கேட்கும் ஒழுங்கைகளில் தொடங்குங்கள். எம் ஆசிரியர் கண் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியிருக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு மீண்டும் கொழும்பு போகவேண்டுமாம். வாரண்ட் இன்னும் அந்தச் சட்டைப்பையிலேயே இருக்கிறது.