சின்ன வெங்காயமும் பெரிய திட்டங்களும்

பெரம்பலூர் என்றால் பலருக்குச் சென்னை - திருச்சி சாலையில் பேருந்து நிற்கும் ஓர் ஊர், அவ்வளவுதான். ஆனால் சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆலத்தூர் வட்டத்தில், குறிப்பாகச் செட்டிகுளம் சுற்று வட்டாரத்தில், தலைமுறை தலைமுறையாக விளையும் பயிர் இது. வயல் ஓரங்களில் காற்றோட்டத்துக்காகத் தரையை விட்டு உயர்த்திக் கட்டிய வெங்காயப் பட்டறைகளை இன்றும் பார்க்கலாம்.

செட்டிகுளத்துக் குன்றில் இருக்கும் முருகன் கையில் கரும்போடு நிற்கிறார். கரும்புக்கு எறையூரில் அரசுப் பொதுத்துறை ஆலை இருக்கிறது. மத்திய அரசு ஆண்டுதோறும் விலையும் அறிவிக்கிறது. இதே மாவட்டத்தில் விளையும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. வெங்காயத்துக்கு? ஒன்றும் இல்லை. வியாபாரி சொல்வதுதான் விலை!

2023 ஜூலையில் சென்னைக் கடைகளில் சின்ன வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. செய்தித்தாள்கள் எல்லாம் அதை எழுதின. விலை விழுந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாமல் வெங்காயம் வயலில் கிடக்கும் நாட்கள் அந்த அளவுக்குச் செய்தியாவதில்லை. இரண்டு மூன்று மாதப் பயிர்தான். ஆனால் செலவு சிறியதல்ல. ஏக்கருக்கு அரை டன்னுக்கு மேல் விதைக்காய் வேண்டும். விலை ஏறியிருக்கும் நேரத்தில் விதைக்காயும் ஏறிய விலைக்குத்தான் கிடைக்கும். அதை ஊன்றி, திருகல் நோயிலிருந்தும் அழுகலிலிருந்தும் காப்பாற்றி அறுவடை செய்யும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளைந்திருக்கும். விலை சரிந்துவிடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் ஆனது. அதற்கு முன்பே, 2014-ல் வந்த தோட்டக்கலை விதிமுறைப்படி, 25 டன் கொள்ளும் வெங்காயச் சேமிப்புக் கிடங்குக்கு 1,75,000 ரூபாய் மதிப்பீட்டில் பாதி மானியமாகக் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மீதிப் பாதியை முதலில் கையிலிருந்து போடுபவர் யார்? கடன்காரர் வாசலில் நிற்கும்போது சரக்கைப் பட்டறையில் வைத்துக் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? கிடங்கு கட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. அதில் வைத்த வெங்காயத்தின் பேரில் குறைந்த வட்டிக் கடனும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

அடுத்தது ஏற்றுமதி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் சமையலறைகளுக்குச் சின்ன வெங்காயம் தேவை. ஆனால் வடக்கே பெரிய வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் டெல்லி மொத்தமாகக் கதவைச் சாத்திவிடுகிறது. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என்று வரிசையாகத் தடைகள். 2020 தடையின்போது, அக்டோபரில் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கும் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் விலக்கு கிடைத்தது. ரகம் பார்த்து விலக்குத் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சின்ன வெங்காயத்தைத் தனிப் பொருளாகக் கணக்கில் எடுங்கள் என்ற விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. அதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது மாநில அரசின் வேலை.

மூன்றாவது, விலை. விலைவாசி நிலைப்படுத்தும் நிதியில் மத்திய அரசு 2023-ல் 5 லட்சம் டன் வெங்காயம் இருப்பு வைக்க இலக்கு வைத்தது. அது பெரிய வெங்காயம். நகரத்தில் வாங்குபவரை மனதில் வைத்துச் செய்தது. கேரளா வேறு வழியில் போனது. 2020 நவம்பர் 1 முதல் காய்கறி, பழம், கிழங்கு என 16 விளைபொருட்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை நிர்ணயித்தது.

'அழுகும் பொருளை அரசு வாங்கி என்ன செய்யும்?' என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்வி. எல்லாவற்றையும் அரசே வாங்க வேண்டியதில்லை. சந்தை விலை அடிப்படை விலைக்குக் கீழே போகும்போது மட்டும் அந்த வித்தியாசத்தை விவசாயியின் கணக்கில் போடலாம். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை இறக்காமல் இருக்க, ஏலத்தையும் எடையையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கண்காணிப்பில் நடத்தலாம். இதற்குப் பணம் செலவாகும். ஆனால் பெரம்பலூர் போன்ற மானாவாரி மாவட்டத்தில் ஒரு விவசாயி நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடிப் போனால், அந்தச் செலவு யார் கணக்கில் வரும்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். திட்டம் போடுபவர்கள் கிடங்குகளையும் மானியங்களையும் எண்ணுவதோடு நிறுத்தாமல், அறுவடை முடிந்ததும் அந்த உழக்கு மிஞ்சியதா என்று எண்ணிப் பார்க்கட்டும். எந்தத் திட்டத்துக்கும் அதுதான் சரியான மதிப்பெண்.