நெஞ்சு நீருக்கு விமானம் எதற்கு?

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறை இரண்டு மடிப்புகளால் ஆனது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது. மற்றொன்று விலாச் சுவரின் உட்புறத்தில் படிந்தது. இந்த உறை அழன்றால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவில் சுருக்கென்று குத்தும். நாளாக நாளாக இரு மடிப்புகளுக்கும் இடையே நீர் சேரும். அப்போது அவை உரசுவது நின்று வலி தணிந்துவிடும். நோய் விட்டது என்று குடும்பம் நிம்மதி அடையும் நேரத்தில்தான் மூச்சுத் திணறல் தொடங்குகிறது. சென்னையை அடுத்த சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கம் ‘நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

நிமோனியா, வைரஸ் தொற்று, புற்றுநோய், லூபஸ் எனக் காரணங்கள் பல. ஆனால் இந்தியாவில் இளவயதுக்காரர் ஒருவருக்குக் காய்ச்சலோடு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

காரணத்தைக் கண்டறியும் முறை எளிது. நோயாளி கட்டிலோரம் உட்கார்ந்து, எதிரே உள்ள மேஜைமேல் தலையணை வைத்து அதில் கவிழ்ந்துகொள்வார். ஸ்கேனில் இடம் குறித்து, மரப்பு ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி இறக்கப்படும். கீழ் விளிம்பில் ரத்தக் குழாய் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக் கூடாது. காசநோய் என்றால் பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில் நீர் வரும். அதில் ‘ஏடிஏ’ என்னும் நொதியின் அளவு 40 யூனிட்டைத் தாண்டி, வெள்ளணுக்களில் லிம்போசைட்டுகளும் மிகுந்திருந்தால் காசநோய் என்ற முடிவுக்குப் பெரும்பாலும் வந்துவிடலாம். பிறகு ஆறு மாதம் மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்.

இந்த நிலையில்தான் 2026-27 மத்திய பட்ஜெட், வெளிநாட்டு மருத்துவத்துக்காக அனுப்பும் பணத்தில் வங்கிகள் முன்கூட்டியே பிடிக்கும் வரியை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. வரி பிடிப்பதற்கான வரம்பு அதற்கு முந்தைய ஆண்டே 7 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகையோ மாதம் 1,000 ரூபாய். அதுவும் 2024 நவம்பர் வரை 500 ரூபாயாகத்தான் இருந்தது.

வெளிநாட்டு மலைக்காற்று நெஞ்சு நோயைக் குணமாக்கும் என்ற நம்பிக்கை பழையது. ஜவாஹர்லால் நேருவின் மனைவி கமலா, காசநோய்க்காக 1926-இல் சுவிட்சர்லாந்துக்கும், 1935-இல் ஜெர்மனியின் பாடன்வைலருக்கும் கொண்டு செல்லப்பட்டார். 1936 பிப்ரவரி 28 அன்று லோசானில் இறந்தார். காசநோய்க்கு அன்று எந்த நாட்டிலும் மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943-இல்தான். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் நடத்தி, அங்கே கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து, பின்னர் ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தை நிறுவினார்.

மலைக்காற்றும் சானடோரியமும் வேண்டும் என்ற அந்த நம்பிக்கையைத் தகர்த்த ஊரே சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நுரையீரல் காசநோயாளிகள் 193 பேரை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாக இருந்தது. மற்றொரு குழு நெரிசலான, ஏழை வீடுகளிலேயே இருந்தது. மருந்து இரு குழுக்களுக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. சானடோரியக்காரர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனாலும் குணமடைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறைக்கு உலகெங்கும் வழிவகுத்தது. ஆய்வு நடந்தது நுரையீரல் காசநோயில்தான். ஆனால் உறையில் வரும் காசநோய்க்கும் மருந்து அதேதான். குணமாக்குவது மருந்தும் அதை விடாமல் சாப்பிடுவதும். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன நகரத்திலிருந்து ஒருவர் இதே நோய்க்காக விமானம் ஏறுவது பொருளற்றது.

பட்ஜெட்டின் வரிச்சலுகையை ஆதரிப்பவர்கள், பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே அரசுக்கு இழப்பில்லை என்கிறார்கள். கேள்வி இழப்பைப் பற்றியதல்ல. அரசின் கவனம் யார்மீது விழுகிறது என்பதைப் பற்றியது. வெளிநாட்டு மருத்துவர் கூடுதல் திறமைசாலி என்ற வாதத்துக்கு இந்த நோயைப் பொறுத்தவரை மதிப்பே இல்லை. காசநோயை அரிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அது எளிதில் நினைவுக்கு வராது. உறைப் புற்றுநோய்க்குப் புது மருந்துப் பரிசோதனையில் சேரப் போகிறவர்கள் விதிவிலக்கு; அவர்கள் மிகச் சிலர்.

பயணமே ஆபத்தாகவும் முடியலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகக் குறைகிறது. நெஞ்சில் நிறைய நீர் இருப்பவருக்கு அங்கே ஆக்சிஜன் போதாமல் போகலாம். நீர் எடுத்தபோது உறைக்குள் காற்று புகுந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்; அது வடியும்வரை பறக்கவே கூடாது. சளியில் கிருமி இருப்பவர் பிறரோடு விமானத்தில் அமர்வதும் தகாது.

கடைசியில் எல்லாம் காலதாமதத்தில் வந்து நிற்கிறது. நீர் சீழாக மாறினால் குழாய் செருக வேண்டும். உறை தடித்து நுரையீரலை இறுக்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளியின் எடையையும் மூச்சையும் முதலிலேயே பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. நெஞ்சு நீருக்கும் அதே அவசரம் வேண்டும். பூந்தமல்லி போன்ற ஒவ்வோர் ஊர் அரசு மருத்துவமனையிலும், எக்ஸ்ரேயில் நீர் தெரிந்த அன்றே ஊசி போட்டு எடுக்கவும், ஏடிஏ முடிவை மறுநாளே நோயாளியின் கையில் கொடுக்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சிகிச்சைக்கான வரிச்சலுகையை நிதியமைச்சகம் திரும்பப் பெற்று, அந்த அக்கறையை இதில் காட்டட்டும்.