அரியணை மாறினால் அறமும் மாறுமோ?

தோழனே!

நான்கு எண்களை உன் முன் வைக்கிறேன். 75, 37, 52, 64. தேர்தலிலே கிடைத்த இடங்களா என்று கேட்காதே. இடங்கள் அல்ல, இதயங்கள்! ஒரு நாட்டு மக்களின் மனச்சான்றை எடைபோட்ட தராசு காட்டிய எண்கள்.

2001 செப்டம்பரில் நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் சரிந்த பின்னர், அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை, நீதிமன்றத்தின் ஆணை இல்லாமலேயே, தன் நாட்டவர் வெளிநாட்டாருடன் பேசும் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு வந்தது. 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஏடு அந்த இரகசியத்தை உடைத்தது. அரியணையில் அன்று இருந்தவர் குடியரசுக் கட்சியின் புஷ். ‘இது ஏற்கத்தக்கதா?’ என்று அடுத்த மாதமே மக்களைக் கேட்டனர். குடியரசுக் கட்சியினரில் நூற்றுக்கு 75 பேர் ‘ஆம்’ என்றனர். சனநாயகக் கட்சியினரில் ‘ஆம்’ என்றவர் 37 பேரே.

ஏழாண்டுகள் உருண்டன. அரியணையில் சனநாயகக் கட்சியின் ஒபாமா. 2013 சூன் மாதம், எட்வர்ட் ஸ்னோடென் என்னும் இளைஞர் கொணர்ந்த ஆவணங்களைக் கொண்டு இலண்டன் கார்டியன் ஏடு ஒரு செய்தி வெளியிட்டது. வெரைசன் என்னும் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர் அனைவரின் அழைப்புப் பதிவுகளையும் நாள்தோறும் அரசுக்கு அளந்து கொட்ட வேண்டும் என்று ஓர் இரகசிய நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது! பியூ ஆய்வு மையமும் வாஷிங்டன் போஸ்ட் ஏடும் மீண்டும் மக்களைக் கேட்டன. சனநாயகக் கட்சியினரில் ‘ஏற்கலாம்’ என்றோர் 64 பேர். குடியரசுக் கட்சியினரில் 52 பேர்.

காது அதே காது. கம்பி அதே கம்பி. மாறியது மாளிகையில் குடியிருந்தவர் பெயர் ஒன்றுதான்! முன்னர்க் கொதித்தவர் பின்னர்க் குளிர்ந்தனர்; முன்னர்க் குளிர்ந்திருந்தவர் பின்னர்க் கொதித்தனர்.

‘கேள்வி ஒன்றல்லவே! முன்னது நீதிமன்ற ஆணை இல்லாதது, பின்னது ஆணை பெற்றது. ஆகவே சனநாயகக் கட்சியினர் மனம் மாறியதிலே குற்றமென்ன?’ என்று வாதிடுவோர் உண்டு. நல்ல வாதம், ஆனால் பாதி வழியிலே படுத்துக்கொள்ளும் வாதம். ஆணை இல்லாதபோது 75 பேர் ஏற்ற குடியரசுக் கட்சியினர், ஆணை வந்தபின் 52 ஆகக் குறைந்தது எதனால்? சட்டத்தின் துணை கூடக்கூட அவர்களுக்குக் கசந்ததோ? அந்தப் புதிருக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை, தோழனே. கட்சிக் கொடியின் நிறத்தில் இருக்கிறது.

தொண்டர்கள் நிலை இதுவென்றால், தலைவர்கள் நிலை? 2006இல் செனட் உறுப்பினராயிருந்த பைடன், பேச்சைக் கேட்கவே வேண்டாம், யார் யாரோடு பேசினார் என்ற பட்டியலே ஒருவரின் வாழ்வை அம்பலமாக்கிவிடும் என்று தொலைக்காட்சியிலே எச்சரித்தார். 2013இல் அதே பட்டியலைத் திரட்டிய அரசின் துணைக் குடியரசுத் தலைவர், அவரே! அரசின் உளவுத்துறைத் தலைவர் கிளாப்பரோ, 2013 மார்ச்சில் செனட் குழுவின் முன் அமர்ந்து, கோடிக்கணக்கான அமெரிக்கரின் விவரம் திரட்டப்படுகிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றார். மூன்று திங்களில் அந்த ‘இல்லை’யின் ஆயுள் முடிந்தது.

‘பேச்சையா கேட்டோம்? எண்ணையும் நேரத்தையும்தானே குறித்தோம்’ என்பது ஆளவந்தார் அனைவரும் அணியும் கவசம். அந்தக் கவசத்தைக் கொஞ்சம் தட்டிப் பார். கிளர்ச்சிக்கு முதல் நாள் இரவு. மாவட்டச் செயலாளர் பேசியது எந்த எண்ணுக்கு? அந்த எண்ணுக்குரிய ஒன்றியச் செயலாளர் அடுத்த ஐந்து நிமிடத்தில் அழைத்தது எந்தெந்தக் கிளைகளை? அழைப்பு வந்ததும் வண்டி வாடகைக்காரருக்குப் பேசியவர் யார்? ஒரு சொல்லும் காதில் விழ வேண்டியதில்லை. பொழுது புலருமுன் இயக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் ஒரு தாளில் வரையப்பட்டுவிடும். எந்த மூட்டைத் தட்டினால் உடல் சாயும் என்பது கண்டவர்க்குத் தெரிந்துவிடும். அந்தத் தாள் யார் மேசையிலே இருந்தாலும் ஆபத்து, ஆபத்தே!

‘நல்லவர் கையில் இருந்தால்?’ என்கிறாயா? மார்ட்டின் லூதர் கிங்கின் கதையைக் கேள். 1963 ஆகஸ்டு 28, வாஷிங்டன் தலைநகரிலே இரண்டரை இலட்சம் மக்கள் கடலெனத் திரள, கறுப்பின மக்களின் விடுதலைக் கனவை முழங்கினார் அந்த வீரர். அடுத்த அக்டோபரிலேயே அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி வழங்கப்பட்டது. கையெழுத்திட்டவர் யார்? நிறவெறியரா? அல்லர்! சட்டத்துறைத் தலைவர் இராபர்ட் கென்னடி; குடியுரிமைச் சட்டத்துக்காக வாதாடிய அரசின் அமைச்சர். கையெழுத்து நல்லவருடையது. காது மட்டும் எட்கர் ஊவரின் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினுடையது. மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசு கிங்கைத் தேடி வந்துகொண்டிருந்த வேளையிலே, விடுதி அறைகளில் ஒளித்து வைத்த கருவிகளால் பதிந்த ஒலிநாடாவோடு ஒரு மொட்டைக் கடிதமும் அவருக்கு அனுப்பப்பட்டது. தம்மைத் தற்கொலைக்குத் தூண்டும் கடிதம் என்றே அவர் அதைப் புரிந்துகொண்டார். இந்தக் கொடுமைகள் செனட்டின் சர்ச் குழு வாயிலாக நாட்டுக்கு முழுமையாகத் தெரிந்தது 1975இல். கிங் சுடப்பட்டு ஏழாண்டுகள் கழிந்த பின்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்டிலே கொடியை மறந்து கொள்கையை நினைத்தோரும் உண்டு. 2013 சூலையில், அழைப்புப் பதிவுகளைக் கூண்டோடு திரட்டும் திட்டத்துக்குப் பணம் தராதே என்ற திருத்தம் கீழவையில் வந்தது. ஆதரித்தோர் 205, எதிர்த்தோர் 217. ஆதரித்த 205இல் சனநாயகக் கட்சியினர் 111 பேர். தங்கள் ஒபாமாவின் அரசு வேண்டாம் என்று வேண்டியும் அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்கள்! திருத்தம் தோற்றது. எனினும் ஈராண்டுக்குள், 2015இல், அந்த மொத்தத் திரட்டலைச் சட்டமே நிறுத்தியது.

இனி நம் வாசலுக்கு வருவோம். ‘அமெரிக்காக்காரன் அப்படி’ என்று நகைக்க நமக்கு உரிமை உண்டா என்று பார்ப்போம்.

2010 ஏப்ரலில், அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக ஓர் ஆங்கில வார ஏடு எழுதியது. ஆட்சி, காங்கிரசு தலைமையில். ‘நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும்’ என முழங்கியது பாரதிய சனதா. கிடைக்கவில்லை. 2021 சூலையில் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்தி வெடித்தது. ஆட்சி, பாரதிய சனதாவினுடையது. ‘நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும்’ என முழங்கியது காங்கிரசு. கிடைக்கவில்லை. நாடகம் ஒன்று, வசனம் ஒன்று; வேடதாரிகள் மட்டும் இடம் மாறினர். உச்சநீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 29 கைப்பேசிகளைச் சோதித்து, ஐந்தில் தீய மென்பொருள் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல இயலவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாகத் தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்டில் மன்றத்தில் அறிவித்தார்.

இந்தக் காதுக்கு நம் நாட்டிலே சட்டம் தந்த வயது நூற்றைத் தாண்டியது. வெள்ளையன் 1885இல் தந்திச் சட்டம் இயற்றினான். வெள்ளையன் போனான், சட்டம் போகவில்லை. 1996இல் உச்சநீதிமன்றம், தொலைபேசி உரையாடல் தனியுரிமைக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்து, உள்துறைச் செயலாளர் ஆணை வேண்டும், மறு ஆய்வுக் குழு வேண்டும் என்று வேலி கட்டியது. ‘முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி’ என்ற கோரிக்கையை மட்டும், சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று விட்டுவிட்டது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். அதன்பின் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. நீதிபதி வந்தாரா? வரவில்லை! ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர், ஆராய்பவர்களும் செயலாளர்களே.

நாடகம் எழுதுபவன் நான். திரைமறைவில் நின்று ஒட்டுக்கேட்கும் பாத்திரத்தை மேடையேற்றினால், அவன் செருப்பின் நுனியாவது அவையோர்க்குத் தெரியும்படி நிறுத்துவோம். அப்போதுதான் சிரிப்பு எழும். அரசு நடத்தும் நாடகத்தில் செருப்பின் நுனியும் தெரியாது. கேட்கப்பட்டவனுக்குக் கேட்டு முடித்த பிறகும் ஒரு வரித் தகவல் இல்லை.

‘ஒற்றாடல் என்று வள்ளுவரே ஓர் அதிகாரம் வகுத்தாரே!’ என்று குறளைக் காட்டி நம் வாயை மூடுவோர் வருவார்கள். வகுத்தார். ஆனால் ஒற்றர் ஆராய வேண்டியோர் வரிசையிலே அவர் முதலில் நிறுத்துவது யாரை? அரசின் வேலையைச் செய்வோரை! பிறகுதான் சுற்றத்தாரும் பகைவரும். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றும் கட்டளையிடுகிறார். இன்று மன்னன் யார்? வாக்குச்சீட்டு ஏந்திய நீயும் நானும்! மன்னர்களாகிய நம்மை நம் அலுவலர்கள் ஒட்டுக்கேட்பது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

இனி நான் சொல்லப் போவது உனக்கு இனிக்காது. ஆணையிடும் பேனா தில்லியில் மட்டும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்து உள்துறைச் செயலாளர் கையிலும் ஒன்று இருக்கிறது. மாநிலத்தை ஆளும் எந்தக் கட்சிக்கும், நாம் ஆண்டால் நமக்கும், அந்தப் பேனா எட்டும் தொலைவிலேதான். 1988 ஆகஸ்டில் கருநாடக முதலமைச்சர் இராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது எதற்காக? தொலைபேசி ஒட்டுக்கேட்ட விவகாரத்துக்காக! நெருக்கடி நிலையிலே சிறை கண்டவர். தில்லியின் ஆதிக்கத்தை எதிர்த்து மாநில உரிமை பேசியவர். நாமெல்லாம் மதித்த வகையைச் சேர்ந்தவர். அவர் ஆட்சியிலே அது நடந்தது.

மாற்றாரின் தொலைபேசிப் பேச்சு எங்கோ கசிந்து வெளிவரும்போது தேநீர்க் கடையிலே நம்மவர் கைகொட்டிச் சிரிப்பதைப் பார்க்கிறேன். பதிந்தவன் யார், எந்த ஆணையின்படி பதிந்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாற்றார் என்ற ஒரே தகுதி போதுமென்று நினைக்கிறோம். அந்த 75இல், அந்த 64இல் நாமும் அப்போது ஒருவராகிவிடுகிறோம்.

நடுவண் அரசு மட்டும் திங்கள்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2013இல் ஒரு விடை கிடைத்தது. மறு ஆய்வுக் குழு இரண்டு திங்களுக்கு ஒருமுறை கூடினால், ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகள்! நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழுவே 2018இல் இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டி, நடவாத காரியம் என்றது. மூன்றே செயலாளர்கள், ஒரு மேசை, பதினையாயிரம் தாள்கள். தேநீர் அருந்தவும் நேரம் வேண்டுமே!

இத்தனை பழி சுமந்த அமெரிக்காவிலும், குற்றப் புலனாய்வுக்காகப் பேச்சைக் கேட்க வேண்டுமானால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆணைகள் என்ற கணக்கு ஆண்டுதோறும் அச்சாகிறது. முடிந்த பின், கேட்கப்பட்டவருக்கு அறிவிப்பும் போகிறது. இந்த மூன்றும் இங்கே வேண்டும்.

மாவட்ட மாநாட்டிலே இவற்றைத் தீர்மானமாக எழுது, தோழனே. ஆளுங்கட்சிக்குக் கண்டனம் தெரிவிக்கும் தீர்மானங்களோடு சேர்க்காதே. நம் தேர்தல் அறிக்கையில் இடம்பெற வேண்டியவற்றின் வரிசையிலே சேர். மேடையில் வீற்றிருக்கும் நம் தலைவர்கள் முகத்துக்கு நேரே நின்று படி. அவர்கள் அதை ஒட்டுக்கேட்டு அறிய வேண்டாம், நேரிலேயே கேட்கட்டும்!