தங்கையின் பங்கு

அண்ணன் தங்கை பாசம் பற்றி நாம் மேடையில் அழகாகப் பேசுகிறோம். பத்திரம் எழுதும் நாளில் அந்தப் பாசம் எங்கே போகிறது? 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம், அல்லது 5,000 ரூபாய். எது குறைவோ அதுதான்! கோட்டயம் மேரி ராய் அம்மையார் வழக்குத் தொடுத்தார். 1986-இல் உச்சநீதிமன்றம் சமபங்கு என்றது. குடும்பம் பிரியும் என்று பயந்தவர்கள் உண்டு. யோபு தம் புதல்வியர் மூவருக்கும் அவர்களுடைய சகோதரரோடு சொத்துரிமை கொடுத்தார் என விவிலியத்தில் உள்ளதே. அந்தக் குடும்பம் பிரிந்ததாக நாம் வாசிக்கவில்லை. இன்றும், "அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்று சொல்லியே தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். விட்டுக்கொடுப்பது கிறிஸ்தவப் பண்புதான். ஆனால் "தங்கைதானே, கொடுத்துவிடு" என்று அண்ணனிடம் யார் சொல்கிறார்கள்?