தில்லிக்குப் புறப்படும் மாயவரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

புது தில்லி,
பங்குனி மாதம்.

மாயவரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், உத்தியோக உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பிரயாணத்துக்கு நாள் பார்க்கும் இளைஞர்களுக்கும், தில்லியில் குடியேறி நெடுங்காலமாகிவிட்ட ஊர்க்காரன் ஒருவனின் நமஸ்காரம்.

ஊரிலிருந்து வரும் விசாரணைகள் பெரும்பாலும் தில்லிக் குளிரைப் பற்றியவை. கம்பளி எத்தனை வேண்டும், ரஜாய்ப் போர்வை அங்கேயே கிடைக்குமா என்று கேட்கிறார்களே தவிர, வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அக்னி நக்ஷத்திரத்தில் பிறந்து வளர்ந்த நம்மை வேறெந்த வெயில் என்ன செய்துவிடும் என்ற தைரியமே இதற்குக் காரணம். அந்தத் தைரியத்தை ஊரிலேயே விட்டுவிட்டு ரயிலேற வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் உஷ்ணம் ஈரத்தோடு கூடியது. உடம்பு நனைந்து, சட்டை முதுகில் ஒட்டி, தண்ணீர் குடி என்று அதுவே நமக்குச் சொல்லிவிடும். இங்கோ, மே, ஜூன் மாதங்களில், ராஜஸ்தானத்து மணல்வெளியைக் கடந்து மேற்கிலிருந்து வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்று, சருமத்தில் அரும்பும் வியர்வையை அரும்பிய கணத்திலேயே உலர்த்திவிடுவதால், உடம்பின் நீர் வற்றிக்கொண்டிருப்பது உடம்புக்கு உரியவனுக்கே தெரிவதில்லை. வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 47.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆகையால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், வாசற்படி தாண்டுமுன்பே குடித்துவிட்டுப் புறப்படுங்கள். மாங்காயைச் சுட்டுப் பிசைந்து உப்பும் சீரகமும் சேர்த்து இவ்வூரார் அருந்தும் ஆம் பன்னாவும் உத்தமம், நம் நீர்மோரும் உத்தமம். தலையையும் காதுகளையும் பருத்தித் துண்டால் மூடிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். வெயிலில் போய்வந்த ஒருவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்துப் பேச்சுத் தடுமாறினால், தாமதியாமல் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்தது ஜன்னல். பிற்பகலில் கடற்காற்று வரும் என்று மூன்று மணிக்குக் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காத்திருப்பது நமக்குப் பரம்பரைப் பழக்கம். தில்லியில் அந்த மூன்று மணிக்கு உள்ளே வருவது லூ. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் ஜன்னல்களைச் சாத்தித் திரையிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியபின் திறப்பதே இவ்விடத்துச் சம்பிரதாயம்.

இதற்கு ஒரே விலக்கு, கூலர். ஜன்னலுக்கு வெளியே நிறுத்தும் இந்தத் தகரப் பெட்டியின் மூன்று பக்கங்களிலும் புல்லோ மரச்சீவலோ அடைத்த தட்டிகள் இருக்கும். அடியிலுள்ள தொட்டி நீரைச் சிறு பம்பு மேலேற்றித் தட்டிகளை நனைக்க, விசிறி வறண்ட காற்றை அவற்றினூடே இழுத்துக் குளிர்வித்து அறைக்குள் தள்ளும். ஏர் கண்டிஷனர் அறை என்று எண்ணி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் படுக்கையும் சுவரும் பிசுபிசுக்கும். எதிர்ப்புறத்து ஜன்னல் ஒன்று சற்றுத் திறந்திருந்தால்தான் ஈரக்காற்று வெளியேறும். வெட்டிவேர்த் தட்டியும் கிடைக்கிறது. நனைந்தால் வீடே மணக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவையுங்கள். கொசுப்புழு இருக்கிறதா என்று முனிசிபாலிடிக்காரர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், இருந்தால் நோட்டீஸ் கொடுப்பார்கள். மழை பிறந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலரால் பிரயோஜனமில்லை. ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர்ப் புழுக்கத்தையே இங்கும் காணலாம்.

வீடு பார்க்கும்போது, வாடகை குறைவு என்று மொட்டைமாடியை ஒட்டிய ‘பர்ஸாத்தி’ அறைக்கு ஆசைப்படாதீர்கள். ஜனவரி வெயிலில் சொர்க்கமாக இருக்கும் அதே அறை ஜூனில் செங்கல் சூளை. மேற்குப் பார்த்த சுவரும் ஆகாது. குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும், எவ்வளவு நேரம் வரும் என்பதை வீட்டுக்காரரிடம் மட்டுமன்றி அண்டை வீட்டாரிடமும் கேளுங்கள். மாடித் தொட்டியின் நீர் பகலில் கை வைக்க முடியாதபடி கொதிக்குமாதலால், மறுநாள் குளியலுக்கான தண்ணீரை முந்தின இரவே வாளிகளில் பிடித்து வைப்பது இங்கு வழக்கம்.

சமையலறையைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இட்லி மாவை இரவில் அரைத்து வெளியே வைத்தால், விடியுமுன் பொங்கி வழிந்து புளித்திருக்கும். ஆனால் வடாம் பிழிந்தால் ஒரே பகலில் கலகலவென்று காய்ந்துவிடும். ஊரிலிருந்து டின் டின்னாகச் சுமந்துவர வேண்டாம்.

அந்நிய தேசத்துக்குப் போவதுபோல் கலங்கவும் வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் சர்க்கார் காரியாலயங்கள் கோடைதோறும் சிம்லாவுக்குப் போக, குமாஸ்தாக்களாயிருந்த நம்மவரும் கூடவே மலையேறினார்கள். அவர்களுடைய குழந்தைகளின் படிப்புக்காக 1923-இல் தோன்றிய முயற்சியே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. அங்கேயே குன்றின்மேல் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. கரோல் பாக்கிலோ முனிர்க்காவிலோ விசாரித்தால் காப்பிப்பொடிக்கும் அப்பளத்துக்கும் குறைவிராது.

ஜன்னலும் கூலரும் உள்ளவர்களுக்கே இவ்வளவும் சொன்னேன். ஜங்புராவில் வடிகாலோரத்து மதராஸி கேம்ப்பில் பல்லாண்டுகளாக வாழ்ந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்த தமிழர்களின் குடியிருப்பு 2025 ஜூன் முதல் தேதியன்று இடிக்கப்பட்டது. அந்த வெயிலில் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நின்றார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர் எந்த ஊராரானாலும், கோடையில் அவருடைய நேரத்தை அதிகாலைக்கு மாற்றிக் கொடுங்கள். வந்தவுடன் ஒரு செம்பு மோர் கொடுங்கள். ஜூன் மாதத்தில் சீக்கியர்கள் ‘சபீல்’ என்று பந்தலிட்டு, வழிப்போக்கர் அனைவருக்கும் ரோஜா சர்பத் கலந்த குளிர்ந்த பாலைக் கையில் திணித்துக் குடிக்கச் சொல்வார்கள். சங்கோசப்படாமல் வாங்கிக் குடியுங்கள். தண்ணீர்ப்பந்தல் வைத்த ஊரார் நாம், அந்தத் தர்மத்தை இங்கும் தொடருங்கள்.

முதன்முறை வருகிறவர்கள் கூடுமானவரை ஐப்பசியில் வாருங்கள். குளிரும் அதன்பின் வெயிலும் படிப்படியாக உடம்புக்குப் பழகும். மே மாதத்திலேயே வேலையில் சேரவேண்டும் என்று உத்தரவு வந்தால், முதலில் தனியே வந்து வீடு பார்த்துக் கூலரைப் பொருத்திவிட்டு, ஜூன் இறுதியில் மழை தொடங்கியபின் குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை முடிந்து இங்கே பள்ளிகள் திறப்பதும் ஜூலையில்தான். ஆகவே குழந்தைகளின் படிப்புக்குப் பெரிய பங்கம் வராது.

இப்படிக்கு,
தில்லியில் வாழும் உங்கள் ஊரான்.